பத்து மணிக்குப் பிறகு நிற்காத மணல்: மட்டக்களப்பு, அம்பாறையில் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கல்லடிப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மண் பார்க்கப் போயிருந்தோம். ஆனி மாதம். காலை ஏழு மணிக்கே சோதனைக் குழி தோண்டத் தொடங்கியாயிற்று. ஒன்பதரைக்கெல்லாம் ஒன்றரை மீற்றர் ஆழம் வந்துவிட்டது. நான்கு சுவர்களும் கத்தியால் வெட்டிய தொதல் மாதிரி நேராக நின்றன. நான் அளவு நாடாவோடு இறங்கத் தயாரானேன். தோண்டிக்கொண்டிருந்த பெரியவர் மேலே ஏறி வந்து மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு, "மனே, இனி இறங்காத. இந்த மணல் பத்து மணிக்குப் பிறகு நிக்காது" என்றார்.

மனிசனுக்குத் தேநீர் நேரம் வந்துவிட்டது, அதற்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. அவர் போய்ப் பூவரசு நிழலில் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் நானும் போய் உட்கார்ந்தேன். பத்தேகால் இருக்கும், வெயில் பட்ட மேற்குச் சுவர் அப்படியே உள்ளே இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. சாக்கிலிருந்து அரிசி சரிவது போன்ற ஒரு ஓசை, அவ்வளவுதான். குழிக்குள் நிறுத்தி வைத்திருந்த அளவுத்தடி முக்கால்வாசி மூடிப்போயிற்று.

அந்த மணலில் களிமண் கிடையாது. மணிகளை ஒட்டி வைக்க அதற்குள் எதுவுமில்லை. ஈரமாக இருக்கும்போது மட்டும் மணிகளுக்கு இடையில் இருக்கும் நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீடு நிற்பதும் இதே காரணத்தால்தான். வெயிலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சியதும் பிடி போய்விடும், மணல் தனக்குரிய சரிவுக்குத் திரும்பிவிடும். மாரியில் காரணம் தலைகீழ். மழை பெய்து மணல் முழுதாக நனைந்தால் படலம் இருந்த இடமெல்லாம் நீர் நிறைந்து, பிடி அப்போதும் போய்விடும். ஆக, செங்குத்தாக நிற்கும் மணற்சுவர் எல்லாம் கடன் வாங்கிய நேரத்தில் நிற்கிறது. இதைப் பல்கலைக்கழகத்தில் சமன்பாடாகப் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். குழி விளிம்பில் நின்றபோது ஞாபகத்துக்கு வரவில்லை. பெரியவருக்குச் சமன்பாடு தெரியாது, நேரம் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதையொட்டிய ஒரு விஷயம். புவியியல் களவேலையில் பாதுகாப்பு என்றால் தலைக்கவசம், மஞ்சள் சட்டை, கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் என்று தனிக் கோப்பில் வைத்துவிடுகிறோம். மண்ணறிக்கை இன்னொரு கோப்பில் இருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒன்றுதான். நாம் அளக்கப் போகும் அதே இயல்புதான் நம்மை விழுத்தவும் போகிறது. மணலின் தளர்வு, நீர் மட்டம், சேற்றின் மென்மை, பாறையின் வெடிப்பு எல்லாம் அறிக்கையில் எண்களாக வருகின்றன. களத்தில் அவை ஆளின் கழுத்தளவுக்கு வருகின்றன.

மட்டக்களப்பார் நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரித்துப் பேசுவார்கள். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை, மேற்கே படும் கரை. புவியியலுக்கும் இந்தப் பிரிப்பு அழகாகப் பொருந்துகிறது. கிழக்கே கடல் கொண்டுவந்து போட்ட இளம் மணல் மேடுகள். நடுவில் வாவிச் சேறு. மேற்கே வண்டலும் வயலும், அதற்கு அப்பால் விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் மிகப் பழைய உருமாற்றப் பாறைகள். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலும், கல்முனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும், ஏறக்குறைய இதே வரிசைதான். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக ஆபத்தின் முகமும் மாறுகிறது.

எழுவான்கரை: குழியும் துளையும்

மணற்கரையில் முதல் எதிரி குழிச்சுவர் என்பதைச் சொல்லிவிட்டேன். ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள குழியின் ஒரு பக்கத்தில் அரை மீற்றர் தடிப்பில் ஒரு துண்டு சரிகிறது என்று வைப்போம். ஒன்றரைக் கனமீற்றர் மணல். எடை இரண்டரைத் தொன் அளவில் வரும். நெஞ்சளவு மூடினாலே ஆள் போய்விடுவார். அவர் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சுருங்கும், சுருங்கிய இடத்துக்கு மணல் இறங்கும், அடுத்த மூச்சுக்கு விரிய இடம் இருக்காது. அந்த நேரத்தில் பதற்றத்தில் ஆளாளுக்குக் குதிப்பதும், பெக்கோ இயந்திரத்தை விட்டுத் தோண்டுவதும் இரண்டாவது ஆளையும் பறிக்கிற வேலை.

நெஞ்சு ஆழத்தைத் தாண்டும் குழிக்குள், சுவருக்குப் பலகையும் முட்டும் கொடுக்காமல், அல்லது சுவரைச் சரிவாக வெட்டாமல், யாரையும் இறக்கக் கூடாது. அதற்கும் குறைந்த ஆழம் என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. குந்தியிருந்து மாதிரி எடுக்கும் ஆளுக்கு ஒரு மீற்றர் குழியும் தலைக்கு மேல்தான். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீற்றராவது தள்ளிப் போட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வீசுவது சிரமம் என்று விளிம்பிலேயே குவிப்பார்கள். விளிம்புக்கு இணையாக நிலத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். அது தெரிந்தால் பேச்சுக்கு இடமில்லை, ஏறிவிட வேண்டும். மாதிரி வேண்டுமா, இயந்திர வாளியில் மேலே வந்த மண்ணிலிருந்து எடுங்கள். குழிக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்ற தேவை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

துளை போடும் வேலையில் கதை வேறு. மூன்று கால் கம்பத்தை நிறுத்தி, 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் குறித்த அளவு இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். உலகம் முழுதும் இதே எடை, இதே உயரம். நம்மூரில் இன்னும் பல இடங்களில் சுழலும் உருளையில் கயிற்றைச் சுற்றி ஆள்தான் இழுத்து விடுகிறார். இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் கயிறு உருளையில் பிடித்துக்கொள்ளும். கையில் கயிற்றைச் சுற்றி வைத்திருக்கும் ஆளின் விரல் அதோடு போகும். இடுப்பில் சாரம் உடுத்திக்கொண்டு உருளைக்குப் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். "மடிச்சுக் கட்டியிருக்கிறன்தானே தம்பி" என்பார்கள். அவிழ்வதற்கு எவ்வளவு நேரம்? ஒரு களிசானும் இறுக்கமான சட்டையும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். நாட்கூலிக்கு வருபவரிடம் அதை வாங்கிக்கொண்டு வா என்று சொல்வது நியாயமில்லை.

கம்பத்தை நிமிர்த்துமுன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை மாதிரி நெருக்கமான ஊர்களில் மின்கம்பி இல்லாத வானம் கிடைப்பது அருமை. கம்பம் விழுந்தால் எந்தப் பக்கம் விழும், அந்த வட்டத்துக்குள் கம்பி இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் துளையின் இடத்தை மாற்றுங்கள். கட்டட வரைபடத்தில் புள்ளியிட்டவர் அந்தக் கம்பியைப் பார்த்திருக்க மாட்டார். நிலத்துக்குக் கீழேயும் அதே கதை: தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள், மலக்குழி, குப்பை போட்டு மூடிய பழைய கிணறு. முதல் ஒன்றரை மீற்றரை மண்வெட்டியாலும் கையாலும் திறந்துவிட்டுத்தான் இயந்திரத்தை வைக்க வேண்டும். பழைய கிணற்றைப் பற்றி வரைபடம் சொல்லாது, பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுவா.

அப்புறம் ஒரு நுணுக்கம். நீர் மட்டத்துக்குக் கீழே மணலில் துளை போகும்போது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளி நீர் மட்டத்தைவிடக் குறைந்தால், வெளி நீர் கீழிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். மணல் கொதிப்பது என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கெடுதல் நடக்கிறது. அடி எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வருகிறது, குழாயும் மணலில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அதைப் பிடுங்க வின்ச்சை அளவுக்கு மீறி இழுப்பார்கள். கம்பி வடம் அறுந்து சாட்டையாக வீசுவது பெரும்பாலும் அப்போதுதான். துளையை எப்போதும் தண்ணீரால் நிரப்பி வைத்திருந்தால் எண்ணும் சரியாக வரும், கையும் காலும் மிஞ்சும். பாதுகாப்பும் தரவும் ஒரே கோப்பு என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிணற்றுக்குள் இறங்கும் வேலை இருந்தால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நீர் இறைக்கும் பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள்ளே இறக்கி ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெழுகுதிரியை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். திரி அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று தெரியும். அணையாவிட்டால் அந்த நச்சு வாயு இல்லை என்று ஆகாது. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய தம்பியும் மச்சானும் கூடவே போன செய்திகளை இந்த நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனை தடவை வாசித்துவிட்டோம். பம்பு மேலே இருக்கட்டும், குழாய் மட்டும் கீழே போகட்டும்.

வாவி

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம், ஆனால் ஆழம் குறைவு. அந்தக் குறைந்த ஆழம்தான் ஏமாற்றும். பாலத்துக்கோ இறங்குதுறைக்கோ சேற்று மாதிரி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, கருவியை நிறுத்துவார்கள். தண்ணீர் இடுப்பளவுதானே, மிதவைச் சட்டை எதற்கு என்ற கேள்வி வரும். தண்ணீர் இடுப்பளவு சரி, அதற்குக் கீழே சேறு எவ்வளவு? அதை அறியத்தானே வந்திருக்கிறோம். தொடையளவு புதைந்த ஆள் காலை இழுக்க இழுக்க, காலடியில் உறிஞ்சல் கூடும். பதறாமல் பின்பக்கம் சாய்ந்து, உடம்பைப் பரப்பி, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மெல்ல மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். தோணியில் ஒரு பலகையும் நீளக் கயிறும் இல்லாமல் புறப்படக் கூடாது.

இந்த வாவியில் முகத்துவாரம் என்பது தனி அத்தியாயம். கோடையில் மணல் மேவி வாய் மூடிக்கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் வெட்டி விடுவார்கள், சில நேரம் தானாக உடைக்கும். அந்த நேரத்தில் நீர் மட்டம் மளமளவென்று இறங்கும், ஓட்டம் கடலை நோக்கி இழுக்கும். நேற்று அசையாத குளம் மாதிரி இருந்த இடத்தில் இன்று நங்கூரம் நிற்காது. வாவிக்குள் வேலையிருந்தால், வாய் வெட்டுவதாகப் பேச்சு இருக்கிறதா என்று மீனவர்களிடம் காலையில் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். மின்னலைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுழக்கம் வந்தால் தோணியை முதலில் கரைக்கு விடுவது அவர்கள்தான். வெட்டவெளித் தண்ணீருக்கு நடுவே இரும்புக் கம்பம் நிறுத்திக்கொண்டு நிற்கும் நாமோ, இன்னும் ஒரு மாதிரி எடுத்துவிடலாம் என்போம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும்.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் படகை ஊரார் 'பாதை' என்பார்கள். துளைக் கருவியை வாகனத்தோடு அதில் ஏற்றுவதென்றால் எடையைப் படகோட்டியிடம் உள்ளபடி சொல்லுங்கள். சொன்னால் ஏற்ற மாட்டார் என்று பயந்து குறைத்துச் சொல்லும் கெட்டிக்காரர்களைக் கண்டிருக்கிறேன்.

படுவான்கரை: தண்ணீர் தேடும் வேலை

படுவான்கரையில் நம்மைக் கூப்பிடுவது பெரும்பாலும் தண்ணீருக்காக. கடும்பாறை நிலத்தில் நீர் வெடிப்புகளில் மட்டுமே இருக்கிறது, அதைத் தேட நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்கிறோம். கருவி சின்னப் பெட்டிதான், பார்க்க ஒரு பழைய றேடியோ மாதிரி இருக்கும். ஆனால் அது பல நூறு வோல்ற்று கொடுக்கும். இரண்டு இரும்பு முளைகளை நூறு, இருநூறு மீற்றர் தூரத்தில் அடித்து வைத்திருப்போம். பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த முனை தெரியாது, இடையில் பற்றையோ வரம்போ மறைத்திருக்கும். அங்கே ஒரு பொடியன் "இது என்ன அங்கிள்?" என்று முளையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அல்லது கட்டிய ஆடு கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். எங்கள் குழுவில் ஒரு பழக்கம்: இரண்டு முனைகளிலும் ஆள் நிற்க வேண்டும், இருவரும் கையை உயர்த்தி விசில் ஊதினால்தான் பொத்தானை அமர்த்துவோம். ஒருவர் ஊதாவிட்டால் நடந்து போய்ப் பார்ப்போம். நேரம் போகத்தான் செய்யும்.

குழாய்க்கிணறு துளைக்கும் இயந்திரம் வந்தால் சத்தமும் தூசியும் ஊரையே மூடும். வரும் தூசி பாறைத் தூள், அதில் படிகக்கல் நிறைய உண்டு. நுரையீரலில் போய்த் தங்கும் அந்தத் தூளுக்கு மருந்து கிடையாது. முகத்தில் துணி கட்டினால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும், துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தூசியை அமர்த்தவும் வேண்டும். காற்றழுத்தக் குழாயின் இணைப்புகளுக்குக் குறுக்கே ஒரு பாதுகாப்புக் கம்பி போடாமல் ஓட்டினால், இணைப்பு கழரும் நாளில் குழாய் பாம்பு மாதிரி அடிக்கும்.

பாம்பு என்றதும் ஞாபகம். வயல் வரம்பில் புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்வார்கள், தன்பாட்டில் படுத்திருக்கும், மிதித்தால்தான் கடிக்கும். முழங்கால் வரை பூட்ஸும், முன்னே நிலத்தைத் தட்டும் ஒரு தடியும் பெரும்பாலும் போதும். கட்டுவிரியன் கதை அப்படியில்லை. இரவில், தரையில் பாய் போட்டுத் தூங்கும் ஆளைக் கடிக்கும். வலி அதிகமிராது, காலையில் கண் இமை தூக்க முடியாமல் போகும். வாடியில் தங்கி வேலை செய்பவர்கள் கட்டிலில், நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகிக்கொண்டு படுங்கள். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். ஆனால் 'வெல்லாவெளிக்கு அங்கால ஒரு வயல்' என்று சொன்னால் அவர்கள் எப்படி வருவார்கள்? காலையிலேயே அந்த இடத்தின் ஆள்கூற்றையும், பக்கத்தில் உள்ள பாடசாலை அல்லது கோயிலின் பெயரையும் எழுதி ஆளாளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் களவேலைக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை, இவை அதில் இருக்காது. ஒன்று எலிக்காய்ச்சல். வயல் நீரில், ஈரமண்ணில், கால் வெடிப்பு வழியாக வருகிறது. வேளாண்மைக் காலத்தில் விவசாயிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வாரத்துக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் கொடுப்பது உண்டு. வயலில் இரண்டு வாரம் மண் எடுக்கப் போகும் நாமும் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்க் கேட்கலாம். மற்றது மெலியோய்டோசிஸ். மண்ணிலேயே வாழும் ஒரு பக்ரீரியா, இலங்கையில் கிழக்கு உட்படப் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களை மோசமாகத் தாக்கும், சாதாரணக் காய்ச்சல் மருந்துக்கு மசியாது. வெட்டுக்காயத்தோடு சேற்றில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்து வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "நான் மண்ணில் வேலை செய்கிறவன்" என்பது. அந்த ஒரு வசனம் எந்தப் பரிசோதனை செய்வது என்பதையே மாற்றிவிடும்.

கோடையில் மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாட்களில் வியர்வை தெரியாது, காற்றிலேயே உலர்ந்துவிடும். அதனால் தாகமும் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர் என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். விடியப்புறம் ஆறுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்தி, பிற்பகல் மூன்றரைக்கு மறுபடியும் தொடங்கலாம். வயல்காரர் அப்படித்தானே செய்கிறார்கள்.

மூன்றரைக்குத் தொடங்கினால் எப்போது முடிப்பது என்பதில்தான் யானை வருகிறது. கோடையில் குளம் வற்றினால் பாறை வெளித்தெரியும், எங்களுக்குக் கொண்டாட்டம். மிஞ்சிய தண்ணீர் யானைக்கும் அங்கேதான். உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களிலும், அம்பாறையில் காட்டோரக் குளங்களிலும் ஐந்து மணிக்குப் பிறகு குளத்துப் படுக்கையில் நிற்பது நம்முடைய நேரமல்ல. வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையிடமோ பரணில் இரவு காவல் இருப்பவரிடமோ கேட்டால், நேற்றிரவு எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போனது என்று சொல்லுவார். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: பன்றிக்கு மின்சாரக் கம்பி கட்டியிருக்கிறார்களா, கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கு எங்கே வைத்திருக்கிறது? சட்டத்துக்குப் புறம்பான விஷயம், நேரே கேட்டால் இல்லை என்பார்கள். "காலையில் எந்த வரம்பால் நடக்கலாம்?" என்று கேட்டால் சரியான வழியைக் காட்டிவிடுவார்கள். யானையைவிட அந்தக் கம்பிக்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.

கற்கள், வெடிகள், வீதிகள்

இன்னும் மேற்கே போனால் குடும்பிமலை மாதிரித் தனிப்பாறைகள். இவை வெங்காயம் உரிவது போல அடுக்கடுக்காகக் கழரும். மேலே நிற்கும் அடுக்கு கீழே ஒட்டியிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஒட்டிய பாறை கணீரென்கும், கழன்றது பொத்தென்கும். மழை நனைத்த பாறைப்பாசியில் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது. கல்லை உடைக்கும்போது கண்ணாடி போடாதவன் ஒருநாள் கண்ணைக் கொடுப்பான், அதில் விவாதமே கிடையாது. ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவும் கூடாது, இரும்புச் சில்லு பறக்கும். பாறை முகட்டில் பெருந்தேனீக் கூடோ குளவிக் கூடோ தெரிந்தால் வேறு முகட்டைப் பாருங்கள். கல்குவாரிக்குள் போவதென்றால் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டு, வெடித்த பிறகு அவர்கள் போய்ப் பார்த்து வந்த பின்னரே உள்ளே போக வேண்டும். வெடிக்காமல் மிஞ்சிய குழியில் சுத்தியலோடு மாதிரி எடுப்பது நினைக்கவே கூடாத காரியம்.

யுத்தம் இந்த நிலத்தில் விட்டுப்போன வெடிகளைப் பற்றி மற்ற நாட்டுக் கையேடுகள் பேசா. 2007 வரை இந்தக் காடுகளில் சண்டை நடந்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அது பெரிய காரியம், அதற்காகக் காலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. ஆனாலும் வெள்ளம் அரித்த ஓடைக்கரையில் துருப்பிடித்த ஏதோ ஒன்று தெரிந்தால் அதைப் புவியியல் ஆர்வத்தோடு புரட்டிப் பார்க்காதீர்கள். தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, அடையாளம் வைத்து, பொலிசுக்குச் சொல்லுங்கள். நிலம் துளைக்கும் வேலை என்றால் அந்தக் காணியில் முன்பு முகாம் ஏதும் இருந்ததா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அவரிடம் போக இன்னொரு காரணமும் உண்டு. திருக்கோவில், வாகரைப் பக்கங்களில் கனிம மணல் என்ற சொல்லே ஊரைக் கொதிக்க வைக்கும், அதற்கு நியாயமும் இருக்கிறது. நீளக் குழாயோடு மணலில் துளை போடும் அந்நியரைக் கண்டால் ஒன்று மணல் கம்பனி என்பார்கள், இல்லாவிட்டால் புதையல் எடுக்க வந்தவர்கள் என்பார்கள். கூட்டம் கூடிய பிறகு விளக்கம் கொடுப்பது கடினம். முதல் நாளே கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் மீனவர் சங்கத்தோடும் பேசி, எதற்கு வந்தோம், யாருக்காக, எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

வீதியைப் பற்றிச் சுருக்கமாக. கொழும்பிலிருந்து இரவு புறப்பட்டு, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியற்காலை நேரே களத்தில் இறங்கி இயந்திரத்தை நிறுத்தும் குழுக்களைப் பார்க்கிறோம். சாரதியும் துளைக் கருவி இயக்குபவரும் ஒரே ஆள் என்பதும் உண்டு. தூங்காத கண்ணோடு சம்மட்டிக்குக் கீழே கை வைப்பதைவிடப் பெரிய ஆபத்தை நான் இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதவில்லை. ஒரு நாள் தங்கும் செலவு விலைமனுவில் இருக்க வேண்டும்.

மாரியில் தாம்போதிகள், அதாவது வெள்ளம் மேலால் ஓடிக் கடக்கும் தாழ்வான வீதித் தளங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மத்ரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஓடும் நீர் முழங்காலைத் தொடுமுன்னரே சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், அதற்குக் கொஞ்சம் மேலே போனால் ஜீப்பும் நிற்காது. தாம்போதியின் தளம் நீருக்குக் கீழே இன்னும் இருக்கிறதா என்பதும் தெரியாது. உழவு இயந்திரம் உயரம்தானே என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. மார்கழி, தையில் களவேலை வைப்பதே பிழையான திட்டம், வைக்க வேண்டி வந்தால் திரும்பி வரும் நாளை நீருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நாம் போன பிறகு அந்த இடத்தில் மிஞ்சுவது. துளையும் குழியும் நமக்கு ஒரு நாள் வேலை, ஊருக்கு அது பல மாதம். மூடாத சோதனைக் குழி முதல் மழையில் நிரம்பிக் குட்டை மாதிரி ஆகிவிடும், விளையாடும் பிள்ளைக்கு அதன் ஆழம் தெரியாது. தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட குழாய்க்கிணற்றின் வாயை ஒரு கல்லை வைத்து மறைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அதற்கு மூடியைப் பற்றவைக்க வேண்டும், அல்லது மண்ணும் சீமெந்தும் விட்டு அடைக்க வேண்டும்.

கல்லடியில் அந்தக் குழியையும் மூடினோம். சரிந்த மணலை மேலும் இழுத்துவிட்டு மட்டமாக்கியதும் வேலை முடிந்தது என்று நான் பைகளை ஏற்றத் தொடங்கிவிட்டேன். பெரியவர் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மணல் ஒரு சாண் அளவு அமிழ்ந்தது. மறுகா இன்னும் மண் போட்டார், ஊற்றினார், காலால் மிதித்தார். அரை மணி நேரம் போயிற்று. சாரதி ஹோர்ன் அடித்தான். "இரி மனே," என்றார் பெரியவர், "இதால மாடு நடக்கும்."